வாசகர் கேள்வி – பதில்: போருக்கு நடுவே ஒரு கொலை வழக்கு

கேள்வி: போரில் தினமும் ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவரைக் கொன்றதற்காக ஒரு பெரிய ராணுவ அதிகாரியை, அவருடைய ஆட்களே துப்பறிந்து பிடித்த சம்பவம் உண்மையில் உண்டா? அல்லது இதெல்லாம் கதைகளில் மட்டும்தானா?

பதில்: உண்டு. அதுவும் நீங்கள் எதிர்பார்க்கவே முடியாத இடத்தில், ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்குள்.

ஜெர்மனியில் வைமர் நகரத்துக்குப் பக்கத்தில் புக்கன்வால்ட் என்ற வதைமுகாம். அதன் கமாண்டர் கார்ல் கோஹ். எஸ்.எஸ்.ஸில் கர்னலுக்குச் சமமான பதவி. 1938 நவம்பரில் யூதர்கள் மீது நாடு முழுக்க தாக்குதல் நடந்தபோது ஏறக்குறைய 10,000 யூத ஆண்களை இந்த முகாமில் கொண்டுவந்து அடைத்தார்கள். அவர்களிடமிருந்து பணத்தையும் நகையையும் பிடுங்கியதில் கோஹ் சொந்தக் கணக்கில் நிறைய சேர்த்துவிட்டார்.

அந்த வட்டாரத்தின் எஸ்.எஸ். தலைவர் ஒரு இளவரசர், வால்டெக் வம்சத்தைச் சேர்ந்த யோசியாஸ், தளபதி அந்தஸ்து உள்ளவர். 1941 கடைசியில் முகாமில் இறந்தவர்களின் பட்டியல் அவர் கைக்கு வருகிறது. அதில் வால்டர் கிரேமர் என்று ஒரு பெயர். கிரேமர் ஒரு கம்யூனிஸ்ட் கைதி, தொழிலால் பூட்டு வேலை செய்பவர், முகாமுக்குள் தானே படித்து வைத்தியம் கற்றுக்கொண்டு கைதிகளின் மருத்துவமனையை நடத்தியவர். இளவரசருக்கே ஒருமுறை வைத்தியம் பார்த்திருக்கிறார், அதனால் பெயர் ஞாபகம் இருந்தது. தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார் என்று குறிப்பு. கிரேமரோடு கார்ல் பைக்ஸ் என்ற இன்னொரு மருத்துவமனைக் கைதியும் அதே மாதிரி செத்திருக்கிறார். இரண்டு பேரும் கமாண்டருக்கு ரகசியமாகப் பால்வினை நோய்க்குச் சிகிச்சை கொடுத்தவர்கள், விஷயம் வெளியே போய்விடக்கூடாது என்று கோஹ் அவர்களைத் தீர்த்துக்கட்டினார் என்பதுதான் பின்னால் வெளிவந்தது.

இளவரசர் கோஹைப் பிடித்தார், ஆனால் கோஹ் மேலிடத்துச் செல்வாக்கால் வெளியே வந்துவிட்டார். வழக்கு உண்மையில் சூடு பிடித்தது 1943ல், கொன்ராட் மோர்கன் என்ற எஸ்.எஸ். நீதிபதி வைமருக்கு வந்த பிறகு. பிராங்க்ஃபர்ட்காரர், வயது முப்பத்து நாலுதான். ஏற்கெனவே மேலிடத்தின் கோபத்துக்கு ஆளாகி, தண்டனையாகக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். உள்ளூர் வங்கியில் கோஹின் கணக்கைத் தோண்டினார். கைதிகளின் சாவுக்கு எழுதப்பட்டிருந்த காரணங்களை முகாமின் ஏடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கோஹின் கொள்ளையைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. இவர் விசாரணையைத் தொடங்கிய பிறகும்கூட, சாட்சியாகப் பிடித்து வைத்திருந்த ஒரு எஸ்.எஸ். ஆள் சிறை அறையிலேயே விஷத்தால் இறந்துபோனார். சந்தேகம் முகாம் மருத்துவர் வால்டெமார் ஹோவன் மேல் விழுந்தது, அவரையும் கைது செய்தார்கள்.

ஆதாரம் சேர்ந்தாகிவிட்டது, ஆனால் ஒரு கமாண்டரைக் கைது செய்ய யார் அனுமதி கொடுப்பது? பெர்லினில் குற்றப் புலனாய்வுத் தலைவரிடம் போனால் அவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், அவர் அடுத்தவரை. யாரும் தன் மேசையில் அந்தக் கோப்பு இருப்பதை விரும்பவில்லை. கடைசியில் மோர்கன் எஸ்.எஸ். முழுவதற்கும் தலைவரான ஹிம்லருக்கே நேராகத் தந்தி அனுப்பினார். ஹிம்லர் சரி என்றார். 1943 ஆகஸ்டில் கோஹ் கைதானார், அடுத்த ஆண்டு எஸ்.எஸ். நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 1945 ஏப்ரல் 5ஆம் தேதி, தான் ஆண்ட அதே புக்கன்வால்டில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 11, அமெரிக்கப் படை முகாமுக்குள் நுழைந்தது.

கேள்வி: இந்த மோர்கனைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். நாஜிகளுக்கு நடுவில் இருந்த ஒரே நேர்மையான ஆள் என்று சிலர் எழுதுகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: நான் அப்படி எழுத மாட்டேன். ஏன் என்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆளின் வாழ்க்கையில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

கோஹ் வழக்கு நடந்த அதே ஆண்டில் போர்முனைத் தபால் சுங்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் பிடிபட்டது. அளவுக்குப் பொருந்தாத கனம். பிரித்தால் உள்ளே தங்கக் கட்டிகள், அதில் ஒரு கட்டி மட்டுமே இரண்டு கைமுட்டி அளவு இருந்தது. பல் வைத்தியத்துக்குப் பயன்படும் தங்கம். அனுப்பியவர் அவுஷ்விட்ஸ் முகாமில் வேலை பார்த்த ஒரு மருத்துவ உதவியாளர், தன் மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். மோர்கன் அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதைப் பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்னார். ஒரு பல்லில் இருக்கும் தங்கம் சில கிராம்தான், எல்லோருக்கும் தங்கப் பல் இருக்காது, அப்படியானால் இந்த அளவு சேர எத்தனை பிணங்கள் வேண்டும்? பல பத்தாயிரம்.

அவுஷ்விட்ஸுக்குப் போனார். விஷவாயு அறைகளையும் உடல்களை எரிக்கும் உலைகளையும் அங்கிருந்த அதிகாரியே சுற்றிக்காட்டினார். காவலர்களின் அலமாரிகளைச் சோதனை போட்டார், தங்கமும் மோதிரங்களும் கொட்டின. பிறகு என்ன செய்தார்? தங்கம் திருடியவர்கள் மேல் வழக்கு. முகாமின் அரசியல் பிரிவுத் தலைவர் மாக்சிமிலியன் கிராப்னர் மேல் ஒரு வழக்கு, சுமார் 2,000 கைதிகளை உத்தரவு இல்லாமல் தன்னிஷ்டத்துக்குக் கொன்றதற்காக. முகாம் கமாண்டர் ருடால்ஃப் ஹோஸ், ஒரு பெண் கைதியோடு வைத்திருந்த உறவைப் பற்றியும் விசாரணை. ஆனால் விஷவாயு அறைகள் மேல் வழக்கு இல்லை. அது ஹிட்லரின் ஆணை, அதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று முடிவு செய்துகொண்டார்.

“உத்தரவு இல்லாமல்” என்ற அந்த ரெண்டு வார்த்தைகளைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே முற்றத்தில், ஒரே துப்பாக்கியால், ஒரே மாதிரி மனிதர்கள் சாகிறார்கள். காகிதத்தில் கையெழுத்து இருந்தால் அது நிர்வாகம், இல்லாவிட்டால் கொலை. புக்கன்வால்டில் மொத்தம் ஏறக்குறைய 56,000 பேர் இறந்தார்கள், கமாண்டர் கோஹுக்குத் தண்டனை கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய கொலைகளுக்கும் திருட்டுக்கும். ஒரு விதத்தில் அந்த நீதிமன்றம், மிச்சம் இருந்த அத்தனை சாவும் சட்டப்படி சரி என்று சொன்ன மாதிரிதான் ஆகிறது. எனக்கு இதைவிடக் கொடூரமான தீர்ப்பு ஞாபகத்தில் இல்லை.

அதே நேரத்தில் மோர்கன் கோழை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவுஷ்விட்ஸில் அவர் சேர்த்து வைத்த ஆதாரங்கள் இருந்த கொட்டகை 1943 டிசம்பரில் எரிந்து சாம்பலாகிப் போனது, அப்போதும் விடவில்லை. தான் ஐந்து முகாம் கமாண்டர்களைக் கைது செய்ததாகவும், அவர்களில் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாகவும் 1946ல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் சாட்சியம் சொன்னார். ஆனால் அந்தச் சாட்சியத்தை யார் தரப்பில் சொன்னார் தெரியுமா? எஸ்.எஸ். அமைப்பின் தரப்பில், அது குற்றவாளி அமைப்பு இல்லை என்று காட்டுவதற்காக. தன் கண்ணால் அந்த உலைகளைப் பார்த்த ஒருவர் அந்தக் கூண்டில் ஏறி அப்படிப் பேசினார் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போருக்குப் பிறகு பிராங்க்ஃபர்ட்டில் வக்கீலாக இருந்து 1982ல் இறந்தார்.

கேள்வி: அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவர் ஹோவன் எஸ்.எஸ். சிறையில் இருந்தார், டாக்டர் பற்றாக்குறையால் 1945ல் வெளியே விட்டார்கள், அப்புறம் நியூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் சிக்கி 1948ல் தூக்கில் முடிந்தார். கிராப்னரும் ஹோஸும் போலந்தில் தூக்கிலிடப்பட்டார்கள். கோஹின் மனைவி இல்ஸா, எஸ்.எஸ். நீதிமன்றத்தில் விடுதலையானவர், போருக்குப் பின் அமெரிக்க நீதிமன்றத்திலும் பிறகு மேற்கு ஜெர்மன் நீதிமன்றத்திலும் ஆயுள் தண்டனை பெற்று, 1967ல் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். கோஹைப் பிடித்த அந்த இளவரசரும் தப்பவில்லை. 1947ல் அமெரிக்கர்கள் அவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் 1950லேயே விடுதலையாகிவிட்டார்.

கிரேமரைப் பற்றி ஒரு வார்த்தை. யூதக் கைதிகளுக்குச் சிகிச்சை தரக்கூடாது என்ற தடையை மீறி அவர்களையும் காப்பாற்றியவர் அவர். அதற்காக யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான இஸ்ரேலின் யாட் வஷேம் அவரை கௌரவித்தது. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீதிபதியையும் கமாண்டரையும் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கொலையானவரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: அப்போதைய ஜெர்மன் போலீஸ் சாதாரணக் கொலைகளையாவது ஒழுங்காக விசாரித்ததா?

பதில்: விசாரித்தது, முழு மூச்சாகவே. 1940-41ல் பெர்லினில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் விளக்கை அணைத்து வைத்திருந்த காலம். அந்த இருட்டைப் பயன்படுத்தி, பவுல் ஓகோர்சோ என்ற ரயில்வே ஊழியர் எட்டுப் பெண்களைக் கொன்றார், பலரை ஓடும் ரயிலிலிருந்து தூக்கி எறிந்தார். நாஜிக் கட்சி உறுப்பினர். போலீஸ் தேடித் தேடிப் பிடித்து 1941 ஜூலையில் தலையை வெட்டித் தண்டனையை நிறைவேற்றியது. கைதுக்கும் தண்டனைக்கும் நடுவில் ரெண்டு வாரம்தான்.

அந்தப் போலீஸ் துறைக்குத் தலைவர் ஆர்தர் நேபே. ஓகோர்சோ தண்டிக்கப்பட்ட அதே ஜூலையில் நேபே எங்கே இருந்தார்? பெலாரஸில், ஒரு கொலைப் படைப்பிரிவின் தலைவராக. சில மாதங்களில் அந்தப் பிரிவு சுமார் 45,000 பேரைச் சுட்டுக் கொன்றது, பெரும்பாலும் யூதர்கள். எட்டுக் கொலைக்காக ஊரையே சல்லடை போட்டுத் தேடிய துறையின் தலைவர் அவர். மேலே சொன்ன மோர்கன் அனுமதி கேட்டுப் போன அந்தக் குற்றப் புலனாய்வுத் தலைவரும் இவரேதான்.

கேள்வி: போர் முடிந்த பிறகு விசாரித்தால் என்ன கிடைக்கும்? உடல் இருக்காது, ஆவணங்கள் எரிந்திருக்கும், சாட்சிகள் சிதறியிருப்பார்கள். நடைமுறையில் சாத்தியமா?

பதில்: கஷ்டம்தான், ஆனால் முடியும் என்று காட்டிய ஒரு வழக்கு உண்டு, அதிலும் நேபே வருகிறார்.

1944 மார்ச் 24 இரவு. சாகான் என்ற ஊரில் (இன்று போலந்தில் இருக்கிறது) நேச நாட்டு விமானப்படைக் கைதிகள் இருந்த முகாமிலிருந்து சுரங்கம் வழியாக 76 பேர் தப்பினார்கள். மூன்று பேர் மட்டும் கடைசிவரை தப்பித்தார்கள், 73 பேர் பிடிபட்டார்கள். ஹிட்லர் கோபத்தில் கொல்லச் சொன்னார், எண்ணிக்கை 50 என்று முடிவானது. யார் அந்த 50 பேர் என்று தேர்ந்தெடுக்கும் வேலை நேபேயிடம் வந்தது. கைதிகளின் அட்டைகளைப் பார்த்து, இவன் சின்னப் பையன், இவனுக்குக் குழந்தை இருக்கிறது என்று சிலரை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களை அவர் பிரித்துப் போட்டதாகப் பிற்பாடு சாட்சியம் வந்தது. ரகசியப் போலீஸ் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், வழியில் இறங்கச் சொல்லி, பின்னாலிருந்து சுட்டது.

சில நாள் கழித்து முகாம் அதிகாரி, கைதிகளில் மூத்தவரான பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் மாஸியை அழைத்து, தப்பி ஓட முயன்றபோது 41 பேர் சுடப்பட்டார்கள் என்று அறிவித்தார். (முழு எண்ணிக்கை பிறகுதான் வந்தது.) மாஸி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: காயம்பட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை என்று பதில். ஓடுகிறவர்களைச் சுட்டால் சிலருக்குக் காலில் படும், சிலருக்குத் தோளில் படும், அத்தனை பேரும் சாக மாட்டார்கள். விசாரணை உண்மையில் அந்த நிமிடமே தொடங்கிவிட்டது என்பேன்.

அடுத்த தடயத்தைக் கொன்றவர்களே அனுப்பி வைத்தார்கள். உடல்களை எரித்து, சாம்பலைக் கலசங்களில் போட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலான கலசங்களில் எரித்த ஊரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஊர் தெரிந்தால் அந்த ஊர் ரகசியப் போலீஸ் அலுவலகம் எது என்று தெரியும், அலுவலகம் தெரிந்தால் அங்கே யார் வேலை பார்த்தார்கள், கார் ஓட்டியது யார் என்று போகலாம். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படையின் புலனாய்வுக் குழு இப்படித்தான் கிளம்பியது. அதில் முன்னணியில் இருந்த பிராங்க் மெக்கென்னா போருக்கு முன் பிளாக்பூல் நகரத்துப் போலீஸ்காரர். இடிந்து கிடந்த ஜெர்மனியில், போலிப் பெயர்களில் ஒளிந்திருந்த ஆட்களை அந்தக் குழு ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தது. 1947 ஜூலையில் ஹாம்பர்க்கில் 18 பேர் மேல் வழக்கு தொடங்கியது, 14 பேருக்கு மரண தண்டனை, 13 பேர் 1948 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

நேபேயைக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. அவர் 1944 ஜூலை 20 ஹிட்லர் கொலை முயற்சியில் சம்பந்தப்பட்டு, தலைமறைவாகி, பிடிபட்டு, 1945 மார்ச்சில் நாஜிகள் கையாலேயே செத்தார். ஹிட்லரை எதிர்த்தவர் என்பதால் சிலர் அவரை நல்லவர் பட்டியலில் சேர்க்கிறார்கள். அட்டைகளைப் பிரித்த கை அது, பெலாரஸில் உத்தரவிட்ட வாய் அது. என்னால் சேர்க்க முடியாது.

கேள்வி: எப்போதும் தோற்றவர்களின் குற்றம்தான் பேசப்படுகிறது. ஜெயித்தவர்கள் பக்கம் தளபதிகள் யாரும் விசாரிக்கப்படவே இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. 1943 ஜூலை 14, இத்தாலியின் சிசிலித் தீவு. பிஸ்காரி விமான தளத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க 45ஆம் டிவிஷனைச் சேர்ந்தவர்கள், சரணடைந்த கைதிகளை இரண்டு இடங்களில் சுட்டுக் கொன்றார்கள். மொத்தம் 73 பேர், அநேகமாக எல்லோரும் இத்தாலியர்கள். ஒரு இடத்தில் சுட்டது சார்ஜென்ட் ஹொரேஸ் வெஸ்ட், இன்னொரு இடத்தில் சுட உத்தரவிட்டது கேப்டன் ஜான் காம்ப்டன்.

சாலையோரம் கிடந்த உடல்களைப் பார்த்து முதலில் மேலிடத்துக்குப் புகார் செய்தவர் படையின் பாதிரியார் வில்லியம் கிங். விஷயம் தளபதி பிராட்லியிடம் போய், அவர் தன் மேலதிகாரி பேட்டனிடம் சொன்னார். பேட்டன் என்ன சொன்னார் என்பதை அவருடைய நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்: செத்தவர்கள் மறைந்திருந்து சுட்டவர்கள், அல்லது தப்பிக்க முயன்றவர்கள் என்று சான்று எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்திரிகையில் நாறிவிடும் என்பது அதன் சாரம். சாகானில் ரகசியப் போலீஸ் சொன்ன அதே காரணம்! பிராட்லி ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேரையும் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வைத்தார்.

சார்ஜென்டுக்கு ஆயுள் தண்டனை. கேப்டனுக்கு விடுதலை. கேப்டனின் வாதம், தரையிறங்குவதற்கு முன் பேட்டன் பேசிய பேச்சையே தான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன் என்பது. பிறகு சார்ஜென்டையும் ஓராண்டுக்குச் சற்று மேல் சிறையில் வைத்துவிட்டு, பதவியைப் பறித்துச் சாதாரணச் சிப்பாயாக வெளியே விட்டார்கள். காம்ப்டன் அதே 1943 நவம்பரில் இத்தாலியில் போரில் இறந்துபோனார். பேட்டனின் பேச்சைப் பற்றியும் விசாரித்தார்கள், அவர் மேல் குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். போர் முடியும்வரை இதையெல்லாம் வெளியே விடவில்லை.

ஆக, பதவி மேலே போகப் போக விசாரணை மெலிந்துகொண்டே போனது. இதைச் சொல்வதால் இரண்டு தரப்பும் ஒன்று என்று ஆகிவிடாது. ஒரு பாதிரியாரின் புகாரை வாங்கி, போர் நடந்துகொண்டிருக்கும்போதே சொந்த கேப்டனைக் கூண்டில் நிறுத்திய ராணுவம் அது. ஆனால் அந்த 73 பேருக்கு நியாயம் கிடைத்ததா என்றால், கிடைக்கவில்லை.

கேள்வி: மேலதிகாரி உத்தரவை மீறினால் சுட்டுவிடுவார்கள். அப்படி இருக்கும்போது கீழே இருப்பவரைக் குற்றம் சொல்வது சரியா?

பதில்: இதே வாதத்தை ஒரு தளபதியே வைத்தார், அதனால் அந்த வழக்கையே சொல்கிறேன். அன்டன் டோஸ்ட்லர், இத்தாலியில் ஜெர்மனியின் 75ஆம் ராணுவக் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படை) தளபதி. 1944 மார்ச்சில், ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்ஸியாவுக்கும் நடுவே ஒரு ரயில் சுரங்கத்தைத் தகர்க்க வந்த 15 அமெரிக்கர்கள் பிடிபட்டார்கள். ராணுவச் சீருடையில்தான் இருந்தார்கள். டோஸ்ட்லர் அவர்களைச் சுடச் சொன்னார். கீழே இருந்த அதிகாரிகள் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மார்ச் 26 காலை 15 பேரும் கொல்லப்பட்டார்கள், விசாரணை என்று எதுவும் இல்லை.

1945 அக்டோபரில் கசெர்ட்டா அரண்மனையில் அமெரிக்க ராணுவ ஆணையம் அவரை விசாரித்தது. அதிரடிப் படையினர் பிடிபட்டால் கொல்ல வேண்டும் என்று ஹிட்லர் 1942 அக்டோபரில் போட்ட ஆணையைத்தான் நிறைவேற்றினேன் என்றார். ஆணையம் ஏற்கவில்லை. போர்க் கைதிகளைப் பழிவாங்கக் கூடாது என்று 1929 ஜெனீவா ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது, ஜெர்மனியும் அதில் கையெழுத்துப் போட்ட நாடு. டிசம்பர் 1ஆம் தேதி அவெர்சாவில் அவரைக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள்.

உத்தரவை மீறினால் சாவு என்று கேட்டீர்கள் இல்லையா? அந்த 15 பேரைச் சுடும் உத்தரவில் கையெழுத்துப் போட மறுத்த ஒரு ஜெர்மன் அதிகாரி அதே தலைமையகத்தில் இருந்தார், அலெக்சாண்டர் சூ டோனா. கீழ்ப்படியவில்லை என்று ராணுவத்திலிருந்து அவரை வெளியே அனுப்பினார்கள். 1997 வரை உயிரோடு இருந்தார்.